செத்த பேட்டரி

கடலூர்ல நைட் டூட்டி முடிச்சு சிதம்பரம் வந்தா, அப்பாவோட பழைய பென்டியம் கம்ப்யூட்டர் ஆன் ஆகல. நீளமான பீப் மட்டும் திரும்பத் திரும்ப. அவர் ஸ்கேன் பண்ணி வச்ச போட்டோ எல்லாம் அதுலதான்.

இந்த பீப்னா பெரும்பாலும் ரேம் சரியா உட்காரலைன்னு அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிட்டு, ரேமைக் கழற்றி, ரப்பரால தேய்ச்சு மாட்டினேன். திரை வந்துச்சு. ஆனா தேதி 1980 ஜனவரி 1. ஹார்டு டிஸ்க்கைக் காணோம். மதர்போர்டுல இருக்கிற சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி காலி. புதுசு போட்டு, பயாஸ்ல டிஸ்க்கைத் தேடச் சொன்னேன். கிளம்பிடுச்சு.

திரும்பினா, மேஜைல வச்ச பழைய பேட்டரி என் ரெண்டு வயசுப் பொண்ணு கையில! வாய்க்குப் போறதுக்குள்ள பிடுங்கிட்டேன். (டாக்டர் வீட்டு லட்சணம்.)

கம்ப்யூட்டருக்குத்தாங்க அது செத்த பேட்டரி. உணவுக்குழாய்ல சிக்கினா, எச்சில் ஈரத்துல கரண்ட் ஓடி 2 மணி நேரத்துலயே வெந்துடும். குழந்தை முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழமும் வேண்டாம். உடனே 108. ஒரு வயசு தாண்டின குழந்தை, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ளன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒருக்கா 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடி லேட் பண்ணாதீங்க. எக்ஸ்ரேல காசு மாதிரிதான் தெரியும், ஓரத்துல இரட்டை வளையம் இருக்கும். அதனால பேட்டரின்னு சந்தேகம் இருந்தா வாய்விட்டுச் சொல்லிடுங்க.

நம்ம பேட்டரிக்கு ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி பரண்ல ஏத்தியாச்சு. போட்டோ காப்பி ஆயிட்டிருக்கு.