குருசடைத் தீவில் நம் மாணவர்கள்

இராமேசுவர யாத்திரை சென்ற நேயர்கள் பாம்பன் பாலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் பக்கத்தில், 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீதே இப்பொழுது வண்டி செல்கிறது. கப்பல் வரும்பொழுது அதன் நடுப்பகுதி கிடைமட்டமாகவே மேலே உயரும். இரயில்வே உத்தியோகஸ்தர் எவரும் அதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதிவிடுவர். நாம் சொல்ல வந்ததோ, பாம்பனுக்குத் தெற்கே உள்ள குருசடைத் தீவைப் பற்றி.

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் விலங்கியல் பயில்கின்றனர். அவர்களுடைய கல்லூரிக் குழுவிற்குச் சலுகைக் கட்டணப் பாரங்களை நிரப்பித் தந்த உரிமையால் நாமும் மாசி மாதத்தில் உடன் சென்றோம். (அப்பாரத்தில் ஓர் எழுத்துப் பிசகினாலும் திருப்பி அனுப்புவது நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் திருப்பணி!)

பாம்பனில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜாகை. கடல் வற்றும் வேளையை அனுசரித்தே எழுவதும் உண்பதும். 1897-ல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து, வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் படகேறினோம்.

விலங்கியலார்க்குக் குருசடை ஒரு சொர்க்கம். சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லி துரை 1927-லேயே இதன் கரைவாழ் உயிர்களைப் பற்றிய நூலைப் பதிப்பித்தார். முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்டது என்று பாடநூல்கள் கூறும் பலனோகிளாசஸ் என்னும் புழு இங்கே உண்டு. நம் பிள்ளைகள் அதைப் படமாக வரைந்து மதிப்பெண் பெற்றவர்களேயன்றிக் கண்டவர்களல்லர். ஈரமணலில் முறுக்குப் பிழிந்தாற்போல் கிடந்த அதன் கழிவுச் சுருளைக் கண்டதும் அவர்கள் போட்ட கூச்சலில் கரையிலிருந்த பறவைகள் பறந்துவிட்டன.

முற்காலத்து மாணவர்கள் பார்மலின் ஜாடிகளை நிரப்பிக்கொண்டு திரும்புவார்களாம். 1986-ல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-ல் பவளங்களும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. ஆகவே இப்பொழுது எண்ணுவதே வேலை. சதுரச் சட்டமொன்றை நீருக்கடியில் வைத்து, அதனுள் உயிருள்ள பவளம் எவ்வளவு, வெளுத்தது எவ்வளவு, பாசி மூடியது எவ்வளவு என்று பலகையில் குறிக்கின்றனர். நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பவளத்துக்கு உணவூட்டும் நுண்பாசி விலகிவிடும். பவளம் வெளுத்துப் பசியால் மடியும். 2010-லும் 2016-லும் இவ்விபத்து இங்கே நேர்ந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு பவளத் துண்டை மடியில் கட்டிய மாணவியைப் பேராசிரியை அம்மாள் திரும்பவும் கடலில் போட வைத்தார். அது நியாயமே.

மாலையில் கரை திரும்பியபொழுது, விரல்களில் துணி சுற்றிய பெண்டிர் சிலர் பாசி உலர்த்திக்கொண்டிருந்தனர். அவர்களில் மூத்தவள் நம் படகைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்க ஆத்தா காலத்துல தீவுலயே கஞ்சி காய்ச்சித் தங்கிப் பாசி எடுப்பாக. இப்ப உங்களுக்குச் சீட்டு, எங்களுக்கு வெரட்டு.”

சட்டம் வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லுக்கு விடையளிக்க எங்களில் எவருக்கும் வாய் எழவில்லை. அந்த மாணவிதான் மெல்ல அருகே சென்று, “அக்கா, பவளம் வெளுத்ததை நீங்கள் பார்த்ததுண்டா?” என்றாள்.

“பாக்காம என்ன தாயி? கத்திரி வெயில்ல ஆழமில்லாத பக்கந்தான் மொதல்ல வெளுக்கும்” என்று தொடங்கியவள், மணலில் விரலால் தீவை வரைந்து இடம் இடமாகக் காட்டினாள். இருட்டும் வரை பேச்சு நீண்டது. பிள்ளைகளின் அட்டவணையில் இதற்கெனக் கட்டம் ஏதும் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டனர்.

மறுநாள் அவள் காட்டிய இடத்தில்தான் முதல் சட்டம் நீரில் இறங்கியது.