தவறியவருக்கு நோட்டீஸ்

போன மாதம் எதிர்வீட்டு அம்மாள் ஒரு நோட்டீசை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கணவர் வாங்கிய கறவை மாட்டுக் கடன். "தாமதமான உங்கள் கணவரின் காலாவதியான கடன் நிலுவை" என்று தொடங்கியது. ஒரே வரியில் மூன்று தப்பு. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "காலாவதின்னா இனிமே கட்ட வேண்டாம்னுதானே சார் அர்த்தம்?"

36 வருஷம் வங்கியில் அட்வான்ஸ் செக்‌ஷனில் இந்த நோட்டீசுகளை எழுதித்தான் என் காலம் போனது. 1983இல் டெல்டாவில் ஒரு கிளையில் சேர்ந்தேன். மேலிடத்திலிருந்து வாசகம் இங்கிலீஷில் வரும். தமிழில் ஆக்குவது கிளார்க்கின் பாடு. அதையெல்லாம் ஒரு வேலையாக யாரும் எண்ணியதில்லை.

டியூ, ஓவர்டியூ, அரியர்ஸ், அவுட்ஸ்டாண்டிங், டிஃபால்ட், லாப்ஸ், எக்ஸ்பயர், டைம்பார்டு. வெள்ளைக்காரன் காலம் தப்பியதற்கு இத்தனை சொல் வைத்திருக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஓவர்டியூ ஆவது தொகை. டிஃபால்ட் ஆகிறவர் ஆள். எக்ஸ்பயர் ஆவது தேதி போட்ட காகிதம். லாப்ஸ் ஆவது, பிரீமியம் கட்டாத பாலிசி மாதிரி, கையிலிருந்த உரிமை. டைம்பார்டு என்றால் அடைபட்டது கோர்ட்டு வாசல். பழியை எங்கே போடுவது என்பதில்தான் வித்தியாசம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஹெட் கிளார்க். வங்கிக்கு வருமுன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அகராதியைத் தொடவிட மாட்டார். "நின்னது பணமா, ஆளா, தேதியா? அதை முதல்ல சொல்லு தம்பி, அப்புறம் பேனாவை எடு" என்பார். நான் சேர்ந்த புதிதில், கடன்காரர் டிஃபால்ட் செய்ததால் என்ற இடத்தில் "தாங்கள் தவறியதால்" என்று எழுதிக்கொண்டு போனேன். படித்தவர் தாளை நாலாகக் கிழித்தார். "உயிரோட இருக்கிறவனுக்குக் கருமாதி பண்ணிட்டியேடா! தவணை தவறினான்னு எழுது. தவணையை விட்டா ஆள் போயிடுவான்." அதற்கப்புறம் என் கையிலிருந்து அந்தச் சொல் தனியாகப் போனதில்லை.

அவரையே ஆட்டிவைத்தது ஓவர்டியூதான். ஒரு பம்ப்செட் கடன் 40,000 ரூபாய், வருஷம் 5,000 வீதம் எட்டுத் தவணை என்று வையுங்கள். வட்டியைத் தள்ளிவிடுவோம். முதல் தவணை கட்டிவிட்டார், அடுத்த இரண்டு கட்டவில்லை. அவுட்ஸ்டாண்டிங் 35,000. ஓவர்டியூ 10,000. டியூ என்பது, தேதி வந்து நிற்கிற நாலாவது தவணை 5,000. மேலிடத்துத் தமிழில் இந்த மூன்றுமே நிலுவை. "நிலுவை ரூ. 35,000 உடனே செலுத்தவும்" என்று போகிற நோட்டீசைப் பார்த்தவர் என்ன செய்வார்? பத்தாயிரத்தைப் புரட்டக்கூடியவர்கூட முப்பத்தைந்தைக் கண்டு மலைத்து, கிளைப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அப்படி ஒளிந்துகொண்டவர்களை வீடு வீடாகப் போய் நானே அழைத்து வந்திருக்கிறேன்.

ஹெட் கிளார்க் அதற்கு ஊர்ச்சொல்லையே எடுத்தார். "மொத்தக் கடன் பாக்கி இவ்வளவு, அதில் கெடு தாண்டிய தவணை இவ்வளவு." கெடு என்றால் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் அதைச் சுழித்துவிட்டு, "கெடு என்பது வாடிக்கையாளரை மிரட்டுவதுபோல் உள்ளது" என்று குறிப்பெழுதினார். மறுபடி நிலுவை வந்தது. அந்தக் குறிப்பின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

காலாவதி கதை இன்னும் மோசம். காலம், அவதி. அவதி என்றால் எல்லை. முன்னே காலக்கெடு என்ற பொருள்தான். இன்றைக்கு மருந்து அட்டை பார்க்கிற பிள்ளைக்கும் அது செல்லாதது என்றே பொருள். செக்குக்கு அது சரி. முன்பு ஆறு மாதம், 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம், அதற்கப்புறம் செல்லாது. இங்கிலீஷ்காரன் அதைப் பழைய ரொட்டிக்குச் சொல்கிற சொல்லால் சொல்கிறான். எங்கள் ஹெட் கிளார்க் "ஊசிப்போன செக்" என்பார். கடன் ஊசிப்போகாது. புரோநோட்டுக்கு மூன்று வருஷம் தாண்டினாலும் கடன் சாவதில்லை, வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது. அது அடைபடுமுன் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிட்டால் மறுபடி மூன்று வருஷம். ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தக் கையெழுத்துக்காக எத்தனை வரப்பு நடந்திருக்கிறேன்! வங்கியே கடனைக் காலாவதி என்று எழுதினால், நடந்த கால்களுக்கு என்ன மரியாதை?

இப்போது பத்திரிகைகளும் சேர்ந்துகொண்டன. 2004 மார்ச்சிலிருந்து 90 நாள் தாண்டினால் என்.பி.ஏ. குறுவைக் கடனுக்கு இரண்டு பருவம். அதற்கு வைத்த பெயர் வாராக்கடன். 91ஆம் நாள் வராதது என்றைக்கும் வராதா? தை அறுப்பு முடிந்து மூட்டை விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் காலத்தில் ஒரு நோட்டீஸ் மூன்று கை மாறித்தான் தபாலுக்குப் போகும். இப்போது இங்கிலீஷை இயந்திரத்தில் போடுகிறார்கள், வந்ததை அப்படியே அனுப்புகிறார்கள். நான் உயிரோடிருந்தவரைச் சாகடித்தேன். இயந்திரம் செத்தவரை 'லேட்' ஆக வரும் ஆளாக்கிவிட்டது. இரண்டும் ஒரே பிழைதான். என் தாளைக் கிழிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தக் கிளைக்குப் போன் செய்தேன். மேனேஜர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "டெம்ப்ளேட் சார், மேலேருந்து வருது. நாங்க கை வைக்க முடியாது." அந்த அம்மாளின் நோட்டீசுக்குப் பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: மொத்தப் பாக்கி இவ்வளவு, கெடு தாண்டியது இவ்வளவு, இதைக் கட்டினால் இப்போதைக்குப் போதும். படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

பிறகு மூன்று பிழைகளையும் எடுத்துக்காட்டி மேலிடத்துக்கு ஒரு புகார் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் நிலுவையில் உள்ளது." இந்த ஒரு இடத்திலாவது சொல் சரியாக விழுந்திருக்கிறது.