சுண்ணக்கற் குழியும் நீராடும் ஏரியும்

புத்தளம் களப்பின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே நோக்கினால், நீர்ப்பரப்புக்கு அப்பால் கற்பிட்டித் தீபகற்பத்திலே நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தோன்றும். 300 மெகாவாற்று வலுவுள்ள மூன்று தொகுதிகள் அங்கு உள்ளன. முதலாவது 2011இலும் ஏனைய இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. அங்கு எரியும் நிலக்கரி இம்மண்ணிற் பிறந்ததன்று, கப்பலேறி வருவது. நம் நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆயினும், சுரங்கம் விட்டுச் செல்லும் பெருங்குழி இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. அதனைக் காண வடக்கே செல்லவேண்டும்.

வண்ணாத்திவில்லுவைக் கடந்தால் பாலையும் வீரையும் நிற்கும் வறண்ட காடு. அதன் கரையோரத்தில் உள்ளது அறுவாக்காடு. மேலே செம்மண், அதன் கீழே வெண்மையான சுண்ணக்கல். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்நிலம் ஆழமற்ற கடலாயிருந்த காலத்தில் சிப்பிகளும் சிற்றுயிர்களும் படிந்து உருவாகிய கல் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளைத் தாங்கி நிற்பதும் அதே காலத்துக் கல்லேயாகும். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்காக இங்கு கல் அகழப்பட்டுப் புகையிரதத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. நம் வீட்டுச் சுவர்களிற் பல இக்காட்டின் அடிவயிற்றிலிருந்து எழுந்தவை எனலாம்.

கல் போனபின் குழி எஞ்சியது. அதனை என் செய்வது?

சில பகுதிகளில் நாட்டு மரங்கள் நடப்பட்டுக் காடு மீண்டும் வளர்க்கப்பட்டது. கைவிடப்பட்ட மற்றொரு பகுதியோ, கொழும்பு நகரின் குப்பையைக் கொட்டத் தெரிவுசெய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அறுவாக்காட்டு வேலை விரைவுபெற்றது. சுண்ணக்கல் நீரை எளிதிற் கசியவிடும் இயல்பினது. களப்போ அருகில் உள்ளது. மீனும் உப்பும் நம்பி வாழும் புத்தளத்து மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன? அவர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். எனினும் 2019இல் குப்பை லொறிகள் வந்தன.

வேறு விதமாகவும் ஒரு குழி முடியலாம். ஜேர்மனியின் லௌசிற்ஸ் பிரதேசத்திலே சென்ஃப்டன்பேர்க் என்ற நகரருகே ஒரு திறந்த சுரங்கம் இருந்தது. அங்கு எடுத்தது நெய்வேலியிற்போலப் பழுப்பு நிலக்கரி. 1966இல் அகழ்வு முடிந்தது. மறு ஆண்டிலேயே கறுப்பு எல்ஸ்டர் ஆற்றின் நீரை உள்ளே விட்டனர். 1972இல் குழி நிரம்பியது. 1973இல் மக்கள் நீராடத் தொடங்கினர். இன்று அது ஏறக்குறைய 3,200 ஏக்கர் பரப்புள்ள ஏரி. மணற்கரையிலே குழந்தைகள் விளையாடுகின்றனர். பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. ஓற்றோ ரிண்ட் என்னும் நிலவமைப்பு அறிஞர், சுரங்கத்தின் முடிவை முன்கூட்டியே எண்ணி ஏரிக்குத் திட்டமிட்டார் என்பதே இதன் இரகசியம்.

நீரை விட்டால் மட்டும் போதாது. சுரங்க மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அந்நாட்டு ஏரிகள் பலவற்றின் நீரைப் புளிப்பாக்கிவிடுகின்றன. அப்புளிப்பை மாற்றப் படகிலே சென்று தூவுவது எதனை? சுண்ணாம்பை! 2009இல் நாஃக்டர்ஸ்டெட் என்ற ஊரிலே, இத்தகைய ஏரியொன்றின் கரை சரிந்து வீடுகளை விழுங்கியது, மூவர் இறந்தனர். செங்குத்தான கரையுடைய கைவிட்ட குழிகளில் மாணவர்கள் நீராட இறங்கலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அறுவாக்காட்டிலும் ஏரி வெட்டி நீந்துவோம் என்பது நம் கருத்தன்று. வறண்ட நிலத்துக்கு வேறு தேவைகள் உண்டு. ஆனால் அவ்விடத்தருகே களப்பிற் கலக்கும் கலா ஓயாவை நோக்குங்கள். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் அமைத்த கலாவாவியிலிருந்து வருவது அவ்வாறு. அன்று மண்ணைத் தோண்டியவர்கள், தோண்டிய மண் எங்கே அணையாகும், தேங்கிய நீர் எந்த வயலுக்குப் பாயும் என்பதை அறிந்தே மண்வெட்டியைத் தூக்கினார்கள். ஆகவேதான் அவர்கள் தோண்டியது குளமாயிற்று. குழி எப்படி முடியும் என்ற கேள்விக்கு, முதற் கல்லைப் பெயர்க்குமுன்னரே, அதன் அருகில் வாழ்வோரையும் கேட்டு விடை காணவேண்டும். இக்கரையோரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.