கொளத்தூர் மாடிகளில் ஒரு மீன் நாற்றங்கால்

சென்னையின் வடபகுதியில், ரெட்டேரிக்கு அருகே இருக்கிறது கொளத்தூர். பெயரைச் சொன்னாலே வண்ணமீன்தான் நினைவுக்கு வரும். வரிசையாக மீன் கடைகள், ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலிதீன் பைகள், தீவனப் பொட்டலங்கள். ஆனால், கடைத்தெருவைத் தாண்டிச் சந்துகளுக்குள் நுழைந்தால்தான் உண்மையான தொழில் தெரியும். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி, மொட்டை மாடியில் தார்ப்பாய்த் தொட்டி, படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடித் தொட்டி என்று கிடைத்த இடத்திலெல்லாம் குஞ்சுகள் வளர்கின்றன. நிலம் இல்லாத குடும்பங்கள் தண்ணீரில் செய்யும் வேளாண்மை இது. இடநெருக்கடி காரணமாகச் செங்குன்றம், பொன்னேரி பக்கத்துக் கிராமங்களுக்கும் இந்தத் தொழில் பரவியிருக்கிறது.

கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் தொடங்கி, பிறகு முட்டையிடும் மீன்களுக்கு வருவதுதான் இங்கே வழக்கம். முட்டையிடும் மீன்களில் கைபழக ஏற்றது ஜீப்ரா. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமீன் இது. நம் வாய்க்காலில் துள்ளும் கெண்டைப்பொடிக்கு உறவு. நான்கு சென்டிமீட்டர் நீளம், உடல் நெடுக நீலக் கோடுகள். கங்கைச் சமவெளியின் ஓடைகளும் நெல் வயல்களும்தான் இதன் சொந்த ஊர். 1822-ல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். இன்று உலகம் முழுக்க மருத்துவ ஆய்வுக்கூடங்களிலும் இதை வளர்க்கிறார்கள்.

‘மீன் முட்டை போட்டது, குஞ்சை மட்டும் காணோம்’ என்பதுதான் புதியவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. ஜீப்ரா முட்டையிடுவதில் சிரமமே இல்லை. இட்ட முட்டையைத் தாய் தகப்பனே தின்றுவிடும். தப்பிய குஞ்சு முதல் வாரத்தில் பட்டினியில் சாகும். இந்த இரண்டையும் தடுப்பவர்களுக்குத்தான் வருமானம். நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ, மீனுக்கு இந்த முதல் பத்து நாட்கள் அப்படி.

அனுபவசாலிகள் செய்வது இதுதான். மெலிந்து பொன்னிறம் கூடியது ஆண். வயிறு பருத்து வெள்ளி நிறமாக இருப்பது பெண். ஒரு வாரம் இரண்டையும் தனித்தனியே வைத்து உயிர்த்தீவனம் கொடுக்கிறார்கள். தனித் தொட்டியில் அரை அடிக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு மூன்று அடுக்காகப் பரப்புகிறார்கள். முட்டை விழும் அளவுக்குக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையையும் கட்டலாம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் மாலையில் விட்டால், மறுநாள் விடியும் வெளிச்சத்தில் முட்டையிடும். ஒட்டாத முட்டை என்பதால் இடுக்குகளில் இறங்கித் தப்பிக்கும். ஒரு பெண் மீன் நூறு, இருநூறு முட்டைகள் இடும். முட்டையிட்டதும் பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும். வெள்ளையாக மாறும் முட்டைகள் கெட்டவை. பூசணம் பரவும் முன் இங்க் ஃபில்லரால் உறிஞ்சி அகற்றுவார்கள்.

தண்ணீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி இருந்தால் இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு பொரிக்கும். முதலில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயிற்றுக் கரு தீர்ந்து, ஏறக்குறைய ஐந்தாம் நாள் நீந்தத் தொடங்கும்போதுதான் பசி வரும். அதன் வாய் மிகச் சிறியது. கடையில் விற்கும் தீவனத் தூள் நுழையாது. கண்ணுக்குத் தெரியாத நீர்நுண்ணுயிர்கள்தான் முதல் உணவு.

இதை வீட்டிலேயே வளர்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் வாழைப்பழத் தோலையோ கொஞ்சம் வைக்கோலையோ போட்டு, ஒரு குவளைக் குளத்து நீர் சேர்த்து, மெல்லிய துணியால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். முதலில் பால்போலக் கலங்கி நாறும். நான்கைந்து நாட்களில் நாற்றம் போய், இளமஞ்சளாகத் தெளியும். அதுவே பக்குவம். ஆகவே, மீனைச் சேர்த்த பிறகு வாளியைத் தேடக் கூடாது. சேர்ப்பதற்குச் சில நாட்கள் முன்பே போட்டுவிட வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோலும், தெளிப்பான் கழுவிய வாளியும் ஆகவே ஆகாது. துளி மருந்து பட்டாலும் மொத்தக் குஞ்சும் போய்விடும்.

ஒரு வாரம் நுண்ணுயிர் நீர் கொடுத்தபின், உப்புநீரில் ஒரு நாள் பொரிக்க வைத்த ஆர்ட்டீமியாவைக் கொடுக்கிறார்கள். அது கிடைக்காதவர்கள் வேகவைத்த மஞ்சள்கருவைத் துணியில் வடிகட்டிச் சொட்டுக் கணக்கில் விடுகிறார்கள். அதிகமானால் தண்ணீர் கெடும். மெல்லிய குழாயில் துணி கட்டி, தினமும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போக்கிய பிறகே ஊற்ற வேண்டும். மூன்று மாதத்தில் மீன் விற்பனைக்கு வரும்.

கிராமத்தில் தொடங்க நினைப்பவர்கள் வாங்கும் கடையை முதலில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் பின்புற வண்ணமீன் வளர்ப்பும் இடம்பெற்றது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம் என்பது அதன் மானியக் கணக்கு. இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. விற்காத மீனையும் நோய்ப்பட்ட மீனையும் ஏரி, குளத்தில் விடவே கூடாது. தொட்டி கழுவ வளர்த்த சக்கர் மீன், அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. மழைக்காலத்தில் தொட்டி வழிந்தாலும் மீன் வெளியேறாமல் இருக்க வலை கட்டுவதும் இதற்காகத்தான். தொட்டியில் வளர்ந்தது தொட்டியோடு இருக்கட்டும். குளத்துக் கெண்டைப்பொடி குளத்திலேயே பிழைக்கட்டும்.