ஏரிப் பக்கமும் அளக்கணும்!

தை மாதம் மகனுக்குக் கல்யாணம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இருக்கும் அந்த வீட்டில் மொத்தமே ஒரு கூடம், ஒரு சின்ன அறை, சமைக்க ஒரு மூலை. சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு. வரப்போகிற மருமகளை எங்கே தங்க வைப்பது என்பதுதான் அந்த அம்மாவின் கவலை.

மேஸ்திரி வந்து பார்த்தார். வீட்டின் பின்பக்கம், ஏரியை நோக்கிக் கொஞ்சம் இடம் கிடந்தது. "பத்துக்குப் பன்னெண்டுல ஒரு ரூம் போட்டுடலாம்க்கா. ஒரு மாசத்துல முடிஞ்சிடும்" என்றார். செங்கலுக்கு அட்வான்ஸ் கொடுக்க வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். பொன்னேரியில் காலேஜ் படிக்கும் மகள்தான் தடுத்தாள்.

"அப்பா, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கட்டலாம்பா."

"நம்ம வீட்டுல ரூம் கட்ட யாரைக் கேட்கணும்?"

"உன் முறை இல்லாத அன்னிக்கு ஏரியில பாடு எறங்குவியாப்பா?"

அப்பா பதில் பேசவில்லை. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊரே சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கும். அதற்குப் பெயர்தான் பாடு. அதை மீறக் கூடாது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், கரையில் வீடு கட்ட என்ன சட்டம் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வியே, "ஏரியிலேர்ந்து எவ்வளவு தூரம்?" என்பதுதான். இவர்களுக்குத் தெரிந்தது கடலிலிருந்து உள்ள தூரம் மட்டும். 2005 மார்ச்சில் வந்த தமிழக அரசாணைப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அதைத் தாண்டி வந்தால் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. அப்படித் தள்ளி வந்தவர்கள்தான் இவர்கள். கடல் பக்கம் தப்பித்தாகிவிட்டது. ஏரிப் பக்கத்தை அவர்கள் யோசித்ததே இல்லை.

பழவேற்காடு உப்புநீர் ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடலின் அலையேற்றம் உள்ளே வருகிறது. இப்படி அலை வந்துபோகும் நீர்நிலைகளின் கரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். 1986-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்ட விதிகள் இவை. முதல் அறிவிக்கை 1991-ல் வந்தது. பிறகு 2011-லும் 2019-லும் புதிதாக வந்தன.

கிராமப்புறக் கரைகளுக்கு 2011 அறிவிக்கை சொல்வது இது: அலையேறும் நீர்நிலைக் கரையில் 100 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. கழிமுகத்தின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலம் மட்டும். அங்கே அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், இடித்துக் கட்டலாம். ஆனால், இருக்கிற அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது. அதாவது, மேஸ்திரி சொன்ன பின்பக்க அறைக்கு இடமில்லை.

2019 அறிவிக்கையில் அந்த 100 மீட்டர் 50 ஆகக் குறைந்தது. தடைப் பகுதிக்குள்ளேயும் மீனவர்கள் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்கள் குடியிருக்க வீடு கட்டலாம். பேரிடர் பாதுகாப்பும் முறையான கழிப்பிட வசதியும் இருக்க வேண்டும். சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டர் வரை என்றால், விதிகளைப் பார்த்து உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம்.

அப்படியென்றால் அதே அறையை ஒரு விதி தடுக்கிறது, இன்னொரு விதி அனுமதிக்கிறது. எது செல்லும்? 2019 விதிப்படி கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெறும்வரை பழைய வரைபடமும் பழைய விதியும்தான். அதனால், "எங்கள் சர்வே நம்பருக்கு இப்போது எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது, அதில் எங்கள் வீடு எங்கே வருகிறது?" என்று கேட்பதுதான் முதல் வேலை. உயர் அலைக்கோடு என்பது இன்றைக்குத் தண்ணீர் நிற்கும் இடமல்ல. வரைபடத்தில் குறித்த கோடு. வீட்டு வாசலில் டேப் பிடித்து அளந்தால் சரிவராது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனே அனுமதி. 'நமக்கும் அதுதானே?' என்று பலரும் நினைக்கிறார்கள். கடலோர விதி அதனால் நீங்கிவிடாது. ஏரியின் ஒரு பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால், வனத்துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, பட்டா, வீட்டு வரி ரசீதுகள் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. "இதெல்லாம் எதுக்குமா இன்னும் வெச்சிருக்கே?" என்று மகன் முன்பெல்லாம் கேலி செய்வான். 'அனுமதி பெற்ற பழைய வீடு' என்று நிரூபிக்க அவைதான் ஆதாரம். இன்றைக்குக் கேட்காமல் ஓர் அறையை ஒட்ட வைத்தால், நாளைக்கு முழு வீட்டின் மீதும் கேள்வி வரும்.

மகள் இன்னொன்றையும் படித்துச் சொன்னாள். மீனவ மக்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. பிள்ளைகள் கல்யாணமாகிப் பெருகுவார்கள் என்பது சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால், அந்தத் தேவை வரைபடத்தில் ஏற வேண்டுமென்றால் ஊர் கேட்க வேண்டும். வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறதே!

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு வைத்து, புது ஜோடிக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். அறைக்கான மனு அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த கிராம சபைக்கு அப்பா தானே போகிறேன் என்றார்.

"பாடு நாளா இருந்தா?" என்று கேட்டார் அம்மா.

"பையனை அனுப்பறேன். இதுவும் நம்ம பாடுதானே!"