கால் அங்குலம்

தமிழில் 'கால்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நடக்கும் கால் ஒன்று. நாலில் ஒரு பங்கு மற்றொன்று. இந்த இரண்டு காலும் ஓரிடத்தில் சந்திக்கும் என்பதை இருபத்திரண்டு வயது வரையில் நான் அறியேன். சந்தித்த இடம் தில்லி. சந்திக்க வைத்தது ஒரு போர்வை. அந்தக் கதையைத்தான் நண்பர்களுக்குச் சொல்ல வந்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம்.

என் தாயார் திண்டுக்கல்லில் முப்பது ஆண்டுகள் ரவிக்கை தைத்தவர். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் தந்தையார் காலமானார். அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறு போட்டது, தெருவை ஒட்டிய முன்னறையில் இருந்த கறுப்பு நிறத் தையல் இயந்திரம். 1924-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப் பற்றித் தம் கருத்தை விளக்கிய காந்தியடிகள், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மனமுவந்து விலக்குக் கொடுத்தார் என்று படித்திருக்கிறேன். அந்த விலக்கின் நிழலில்தான் எங்கள் குடும்பம் பிழைத்தது.

ஆனால் தில்லிக்கு வந்து விடுதியில் சேர்ந்த அன்று, விண்ணப்பத்தில் 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இல்லத்தரசி' என்று எழுதினேன். எனக்கு முன்னால் நின்றவர்களின் தாள்களில் டாக்டர், பேராசிரியை என்றெல்லாம் கண்ணில் பட்டது. என் பேனா தயங்கியது. பிறகு வளைந்து கொடுத்தது.

சென்ற ஆண்டு அம்மாவின் கண்பார்வை மங்கிவிட்டது. வைத்தியம் செய்தும், ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குத் தெளியவில்லை. இயந்திரத்துக்கு உறை போட்டு மூடினார். விடுமுறைக்கு நான் போனபோது, ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள் ஒரு பெரிய மூட்டையாக மூலையில் கிடந்தன. ரூபியா, டூ பை டூ, கைத்தறி என்று முப்பது ஆண்டுத் துணிகள்! பழைய துணிக்காரருக்குப் போட்டுவிடப் போவதாக அம்மா சொன்னார். எனக்கு என்னவோ மனம் கேட்கவில்லை. மூட்டையைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றி என்னுடன் கொண்டுவந்துவிட்டேன்.

ஜனவரியில் பத்து நாள் என்னோடு இருக்க வருவதாக அம்மா வாக்களித்திருந்தார். தில்லியின் ஜனவரி எப்படிப்பட்டது என்று இதைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத அம்மாவுக்கு, அவர் வெட்டிய துணிகளாலேயே ஒரு பஞ்சுப் போர்வை, இவ்வூரார் சொல்லும் ரஜாய், செய்து போர்த்த வேண்டும் என்று உறுதி செய்துகொண்டேன்.

கமலா நகரில் எனக்குப் பழக்கமான ஒரு வயதான தையற்காரர் இருக்கிறார். எல்லாரையும் போல நானும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைப்பேன். கடை அடைக்கும் நேரத்தில் ஓர் இயந்திரத்தை எனக்கு விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார்.

கணக்கு எளியதாகத்தான் இருந்தது. நான் புள்ளியியல் மாணவன் அல்லவா? போர்வையின் மேல்துணி 60 அங்குல அகலம், 84 அங்குல நீளம். தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் 3 அங்குலம். அகலத்தில் 20, நீளத்தில் 28. ஆக 560 சதுரங்கள். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். ஆகவே மூன்றரை அங்குலமாக வெட்ட வேண்டும். வெட்டினேன். பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டினால் கால் அங்குலம் வந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இங்கே பாதம் என்பது என் பாதமன்று. ஊசியின் இரு புறமும் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் துண்டு. பிரஷர் ஃபுட் என்பார்கள்.

நாலு நாளில் ஆறு வரிசை முடித்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அறுபதரை அங்குலம் இருக்க வேண்டிய வரிசைகளில் ஒன்றுகூட அந்த அளவில் இல்லை. ஒன்று ஐம்பத்தெட்டு, ஒன்று ஐம்பத்தொன்பது. சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை.

மாஸ்டர்ஜி அளவு நாடாவை எடுத்து ஒரே ஒரு தையலை அளந்தார். கால் அங்குலத்துக்கு மேல் ஒரு மயிரிழை. நம் பாட்டன்மார் கணக்கில் சொன்னால் ஒரு மாகாணி. அதாவது பதினாறில் ஒரு பங்கு. "இதுதானா?" என்று நான் அலட்சியமாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் கணக்கு எனக்கே பதில் சொல்லிற்று. ஒரு தையலில் இரண்டு துண்டுகள் சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மாகாணி போனால் தையலுக்கு அரைக்கால் அங்குலம் போகிறது. இருபது துண்டுக்கு நடுவே பத்தொன்பது தையல். ஆக, வரிசைக்கு இரண்டே காலே அரைக்கால் அங்குலம் மாயம்!

பிழைகள் முன்னும் பின்னுமாக விழுந்தால் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடு செய்துகொள்ளும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயும் பிழைக்கு அந்தக் கருணை கிடையாது. அது எத்தனை சிறியதாயினும் எண்ணிக்கையோடு பெருகும். பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன், துணியில் அதைக் காணாமல் போனேன்.

மாஸ்டர்ஜி சொன்னது இதுதான்: "பேட்டா, பாதம் துணியைப் பிடிக்க மட்டுமல்ல, வழி காட்டவும்தான். இந்தப் பாதம் வேறு வேலைக்கு ஆனது. உனக்கு வேண்டியது கால் அங்குலப் பாதம்."

கால் அங்குலத்துக்கென்றே ஒரு கால்! மறுநாள் பழைய தில்லிக்குப் போய் வாங்கி வந்தேன். அதில் ஊசி இறங்கும் இடத்திலிருந்து வலப்புற விளிம்பு சரியாகக் கால் அங்குலம். சிலவற்றில் துணி விலகாதபடி அந்த விளிம்பில் ஒரு சிறு தகடும் இருக்கும். வாங்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. பாதம் மாட்டும் தண்டு சில இயந்திரங்களில் தாழ்வாகவும் சிலவற்றில் உயரமாகவும் இருக்கும். ஆகவே பழைய பாதத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாட்டியதும் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி இரும்பில் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதம் மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தைத்த துணியைத் திருப்பி இஸ்திரி போடும்போது, அந்த மடிப்பே ஓர் இழையளவு துணியைத் தின்றுவிடுகிறது. ஆகவே கால் அங்குலத்துக்கும் ஓர் இழை உள்ளே தைக்க வேண்டும். இதைச் சோதிக்க மாஸ்டர்ஜி ஒரு வழி சொன்னார். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 அங்குலம், மொத்தம் மூன்றரை அங்குலம் இருந்தால் தையல் சரி. எனக்கு ஐந்தாம் முறைதான் சரியாக வந்தது. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். ஒரு வரிசையின் மடிப்புகளை வலப்புறமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்புறமும் சாய்த்துவிட்டால், மூலைகள் தாமாகவே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன.

அந்த இரவு, படுக்கையில் ஒரு பழைய நினைவு வந்தது. அம்மாவின் இயந்திரத்தில், ஊசிக்கு வலப்புறம், ஒரு பிளாஸ்திரித் துண்டு எப்போதும் ஒட்டியிருக்கும். ஏழு வயதில் நான் அதைப் பிய்த்தெடுத்துக் கிழிந்த பட்டத்துக்கு ஒட்டினேன். என் வாழ்நாளில் அம்மா என்னை அடித்தது அன்று ஒரு நாள்தான். ஒரு பிளாஸ்திரிக்கா இந்த அடி என்று வெகுநாள் மனத்தாங்கல் வைத்திருந்தேன். துணியின் ஓரம் செல்ல வேண்டிய எல்லைக் கோடு அது. விசேஷப் பாதம் வாங்க வசதியில்லாத ஒருத்தி தன் கையால் அளந்து இட்ட கோடு. அதை நம்பித்தான் ஊரார் அவரிடம் துணி கொடுத்தார்கள். இத்தனை ஆண்டு கழித்து அந்த அடி எனக்குப் புரிந்தது.

ஆறு வரிசைகளில் ஐந்தைப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க ரூபியாவின் ஓரம் நூல் நூலாக உதிர்ந்தது. வேறு எங்கும் வாங்க முடியாத துணி! சில துண்டுகள் வீணாயின. ஆறாவது வரிசையைப் பிரிக்க மனமும் இல்லை, நேரமும் இல்லை. ஓரத்தில் ஒரு பட்டை சேர்த்து ஒப்பேற்றி, கால்மாட்டில் வரும்படி அடியில் வைத்துவிட்டேன். மேல்துணி முடிந்ததும், பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து, பஞ்சு நிரப்பி நீண்ட ஊசியால் கைத்தையல் போட்டு வாங்கினேன். மூன்று அடுக்கையும் இயந்திரத்திலேயே தைக்க விரும்பினால் அதற்கு வேறொரு பாதம் உண்டு. அடித்துணியைக் கீழே உள்ள பற்கள் நகர்த்தும்போது மேல்துணி பின்தங்கிச் சுருங்காமல், மேலிருந்தும் பற்களால் நகர்த்தும் 'நடக்கும் பாதம்' அது.

ஜனவரியில் அம்மா வந்தார். விருந்தினர் அறையில் போர்வையை விரித்தேன். அவர் பார்க்கவில்லை, தடவினார். விரல்கள் தையல் தையலாக மெல்ல நகர்ந்தன. "இது மாரியம்மா பொண்ணு கல்யாண ரவிக்கை. இது டீச்சரம்மாவோடது" என்று துணியைத் தொட்டே சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"தம்பி, இந்த வரிசை மட்டும் வேற காலு போட்டுத் தச்சதா?"

ஆமாம் என்றேன். "மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்றார். எந்தத் தேர்விலும் நான் பெறாத பாராட்டு அது.

பிறகு அந்த விண்ணப்பத்தைப் பற்றியும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அதனால என்ன, வீட்டுக்குள்ள இருந்துதானே தச்சேன்" என்று சொல்லிப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு விடுதி விண்ணப்பம் மறுபடி வந்தது. 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் 'தையல்' என்று எழுதினேன். மூன்றே எழுத்துத்தான். அளவு சரியாக இருந்தது.