நீதிபதிக்கு யார் எடுத்துச் சொல்வது?

செப்டம்பர்

அமெரிக்காவின் சியாட்டில் நகரம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீதிபதி முன்னால் கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார். அவர் வக்கீல் இல்லை, சம்பளமும் கிடையாது. சுமார் 30 மணி நேரப் பயிற்சி, பின்னணி விசாரணை எல்லாம் முடித்தவர். பெற்றோரின் கவனிப்பின்றித் தவித்த ஒன்பது வயதுப் பையனின் வழக்கு அவர் பொறுப்பில் வருகிறது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லும் ‘காசா’ (CASA) என்னும் இந்தத் தன்னார்வத் திட்டம் பிறந்த ஊரும் சியாட்டில்தான். குழந்தையைப் பற்றிய போதிய விவரம் இல்லாமலே அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறதே என்று இங்கே டேவிட் சூகப் என்ற நீதிபதி மனம் வருந்தினார். மதிய உணவு நேரத்தில் ஒரு கூட்டம் போட்டார். நாலைந்து பேர் வந்தால் பெரிது என்று நினைத்தவர் முன்னால் 50 பேர் உட்கார்ந்திருந்தார்கள். 1977இல் திட்டம் தொடங்கியது.

அக்டோபர்

பையன் இப்போது இருப்பது மூன்றாவது வளர்ப்பு வீடு. சமூகப் பணியாளரும் மாறிவிட்டார்.

“கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் எழுத மாட்டான், ஒரே அடம்” என்கிறார் வகுப்பாசிரியர். நீதிமன்ற உத்தரவு கையில் இருப்பதால் ஓய்வுபெற்ற ஆசிரியையால் பழைய மருத்துவக் கோப்பைப் பார்க்க முடிகிறது. அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! உடுப்புகளைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிப்போட்டு அனுப்பிய அவசரத்தில், கண்ணாடி பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அடம் ஒன்றும் இல்லை, பாவம், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

ஜனவரி

அம்மா போதை மீட்புச் சிகிச்சையில் இருக்கிறார். மகனைப் பார்க்க அனுமதித்த நேரத்துக்கு முன்பே வந்து காத்திருக்கிறார். இதையும் ஆசிரியை எழுதிக்கொள்கிறார். 1997ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தால், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை ரத்து செய்ய அரசு மனுப்போட வேண்டும். கெடு நெருங்கும்போது தாயின் முயற்சியை நேரில் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

பிப்ரவரி

விசாரணை நாள். ஆசிரியையின் அறிக்கையில் ஊகம் எதுவும் இல்லை. பார்த்தது, கேட்டது மட்டும். நீதிபதி முதலில் கேட்டது கண்ணாடியைப் பற்றித்தான். உடனே வாங்கித் தர உத்தரவு. தாயுடனான சந்திப்பு நேரமும் கூடியது.

இந்தப் பணிக்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. 21 வயது நிறைந்து, பயிற்சியும் பின்னணி விசாரணையும் முடித்தால் போதும். அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர்கள், உங்கள் ஊரில் இத்திட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.